முனைக்கு மூன்று மைல் முன்னால்

விருத்தாசலத்தில் என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகளில் ஒன்று, நடக்க முடியாதவர்களை இராமேஸ்வரம் கூட்டிப்போய்த் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டியவர் என்பது. இப்போதும் கடைத்தெருவில் யாராவது என்னை அப்படித் தம் உறவினருக்கு அறிமுகப்படுத்துவதுண்டு. நான் மறுப்பதில்லை. ஆனால் தீவு முழுக்க என்பது பொய். அந்தப் பொய்யின் நீளம்கூட எனக்குத் தெரியும். மூன்று மைல்.

அப்போது நான் பீங்கான் தொழில் கற்றுக்கொடுக்கும் இடத்தில் வேலையில் இருந்தேன். அச்சு எடுப்பதும் மூடி பொருத்துவதும் என் பாடம். ஊரில் சின்னச் சின்னப் பீங்கான் பட்டறைகள் நிறைய இருந்தன. பொம்மை, ஜாடி, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று ஆளுக்கொன்று செய்தார்கள். வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவது என் வழக்கம். அப்பாவின் திதிக்காக ஆண்டுதோறும் இராமேஸ்வரம் போய்வந்துகொண்டிருந்ததால், அந்தத் தீவைப் பற்றி யாருக்கு எது தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்டார்கள். எந்த விடுதியில் தண்ணீர் வரும், எந்தக் கிணற்றில் உப்பு கரிக்கும் என்று நானும் சளைக்காமல் சொல்வேன்.

அந்தப் பட்டறைகளில் ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பெண் ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தரையில் உந்தி உந்தி நகர்வாள். அவளுடைய அம்மாவும் அதே பட்டறையில் வேலை செய்தவர். மகளுக்குப் பதினான்கு பதினைந்து வயதாகும்வரை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் எங்கும் போவாராம். கல்யாணம், கருமாதி, சினிமாக் கொட்டகை, தேர் எல்லாவற்றுக்கும்.

அந்த அம்மாள் இறந்தபோது உறவுக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் அவர்களே செய்து முடித்தார்கள். ஒரே மகள், அவளும் பெண், அதிலும் நடக்க முடியாதவள். சுடுகாட்டுக்கு அவளை யாரும் அழைத்துப் போகவில்லை. மறுநாள் சாம்பலை மணிமுத்தாற்றில் கரைத்துவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் சூளை வேகவைக்கிற பெரியவர் ஒருவர் மட்டும், அவர்கள் ஆற்றுக்குப் போகுமுன் துண்டில் ஒரு கைப்பிடி எலும்பும் சாம்பலும் முடிந்து எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார்.

அதை வைப்பதற்கு அவள் ஒரு ஜாடி செய்யச் சொன்னாள். சாதாரணமாக இதற்கு மண்கலயம்தான். தண்ணீரில் விட்டால் உடைந்து கரைந்து போக வேண்டும், அதற்குத்தான் மண். ஆனால் நாங்கள் பீங்கான்காரர்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான் அச்சு எடுத்தேன். மூடியை ஜாடியின் வாயிலேயே வைத்துத் தேய்த்து, ஊசி நுழையாதபடி பொருத்தினேன். அவள் வெள்ளை உடம்பில் நீலப் பூக்கள் எழுதினாள். சூளைக்காரர் அதை நல்ல சூடு ஏறுகிற இடம் பார்த்து வைத்து வேகவைத்தார். வெளியே எடுத்தபோது எல்லோரும் தட்டிப் பார்த்தோம். மணி மாதிரி ஒலித்தது. ஓராண்டு அது பட்டறைக்குப் பின்னாலிருந்த புங்கமரத்துக் கிளையில் துணியில் கட்டித் தொங்கியது.

ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா என்னத் தூக்கிக்கிட்டுப் போவாத எடம் இல்ல சார். நான் அத ஒரே ஒரு எடத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போவணும். ரெண்டு கடலு சேருற எடம் இருக்குதாமே, அங்க."

"தனுஷ்கோடிக்கு அப்புறம் அரிச்சல்முனை. ரொம்ப தூரம்மா. முழுக்க மணல்."

"மணல்னா எனக்கென்னா சார், ஒங்களுக்குத்தான் கால் பொதையும்."

நான் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டேன். பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் ரயில்தான். ரயில் படிக்கட்டில் அவளை ஏற்றி இறக்குவதை நினைத்துப் பார்க்க முடியாது. இப்போது வேனிலேயே தீவுக்குள் போய்விடலாம். சூளைக்காரரும் அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். அவருக்கு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு கோணலாகக் கூடியிருந்தது. தடி ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். மனைவிக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடந்தன. ஆனால் கைகளில் பலம் இருந்தது. குளிப்பாட்ட, துணி மாற்ற, மறைவாக உட்காரவைக்க அந்தப் பெண்ணுக்கு ஒரு பெண் துணை வேண்டுமே என்று வந்தவர் அவர். மூவரும் தீவைப் பார்த்ததில்லை. மூவருக்கும் நடை இல்லை. நடக்கக்கூடியவர்கள் வேன் டிரைவரும் நானும்தான்.

அவளைத் தூக்க ஒரு ஏற்பாடு செய்தோம். பட்டறையில் காயாத பச்சைச் சரக்கை வரிசையாக அடுக்கித் தோளில் தூக்கிப் போகிற நீளப் பலகை உண்டு. அதில் ஒன்றைப் பாதியாக அறுத்து இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி போட்டேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் அவள். சூளைக்காரர் டிரைவரிடம், "பச்சச் சரக்குப்பா, ஆட்டாம தூக்கு. விரிசல் வுட்டா ஒன் சம்பளத்துல புடிச்சிக்குவாங்க" என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். பெண்ணாடம் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகளின் பின்னால் ஊர்ந்து, திட்டக்குடி தாண்டி, திருச்சி போய்ச் சேரவே வெயில் ஏறிவிட்டது. ஜாடி வேனின் கூரைமேல், சாமான்களுக்கு நடுவே. அதை வண்டிக்குள் வைக்கக் கூடாது என்று சூளைக்காரர் மனைவி சொல்லிவிட்டார்.

"ஒங்கம்மா மேல ஒக்காந்துக்கிட்டு ஊரெல்லாம் பாத்துக்கிட்டு வருது பாப்பா" என்றார் சூளைக்காரர்.

"டிக்கெட்டு வாங்காமியா மாமா?"

"வாங்காமத்தான். அதுக்குத்தான் கீழ எறங்க மாட்டேங்குது."

புதுக்கோட்டையில் சாப்பிட நிறுத்தியபோது அவள் எதையும் தொடவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. குடித்தால் வழியில் எங்காவது இறங்க வேண்டியிருக்கும். இறங்க வேண்டுமென்றால் எங்களைக் கேட்க வேண்டும். எல்லா ஏற்பாடும் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது மட்டும் மனத்தில் படவே இல்லை.

பாலத்தின் நடுவில் வேனை நிறுத்தி, கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரியும்படி அவளைத் தூக்கிப் பிடித்தோம். அதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து கடலூர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். தூக்கிப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான். வெகுநேரம் பார்த்தாள். "இம்மாந் தண்ணிய வச்சிக்கிட்டுதான் நம்ம ஊர்க் கொழாயில காத்து வருதா" என்றாள். என் கைகளுக்குப் பாரம் தாங்கவில்லை. இறக்கிவிட்டோம்.

என் சோர்வு அங்கே தொடங்கியது. கடிதம் போட்டுப் பிடித்து வைத்திருந்த அறை மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில்தான் வேண்டும் என்று எழுத மறந்திருந்தேன். கடைசியில் சாமான் போட்டுவைக்கும் அறையைக் கழுவிக் கொடுத்தார்கள். ஜாடியை முற்றத்து வேப்பமரத்தில் கட்டினோம். முறைப்படி சாம்பலைக் கரைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். தனுஷ்கோடி போகிற ஜீப் மறுநாள் கிடைக்காது என்றார்கள். நான் வரிசையை மாற்றினேன். முதலில் கோயில் என்றேன். எனக்குத் தெரியாததா என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கோயில் வாசலில் காவல்காரர் அவள் கையைப் பார்த்தார்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்கம்மா."

"கால்ல போட்டாத்தானங்க செருப்பு? நான் கையிலல்ல போட்டிருக்கறேன்."

"எதுல போட்டாலும் செருப்பு செருப்புதாம்மா."

சூளைக்காரர் தடியை நீட்டினார். "அப்ப இதுவும் என் காலுதாங்க. இத எங்க கயட்டி வைக்கிறது?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவல்காரரும் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. நான் என் துண்டைக் கிழித்து அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் சுற்றிக் கட்டினேன். இருபத்திரண்டு கிணறுகள். ஒவ்வொன்றின் மேலும் ஆள் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். கல் தரை முழுக்கத் தண்ணீர். நனைந்த துண்டு வழுக்கியது. பலகையும் வழுக்கியது. அவளைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, பிராகாரத்தைச் சுற்றி, ஏழாவது கிணற்றிலேயே என் முதுகு பிடித்துக்கொண்டது. இது போதும், ஏழுக்கே எல்லாப் பலனும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன்.

"கெணத்துப் பலகையில நம்பர் போட்டிருக்குது சார். இருவத்ரெண்டு வரைக்கும் இருக்குது. நான் எண்ணிக்கிட்டு வரேன்" என்றாள்.

இருபத்திரண்டும் முடித்தோம். கிணறுகளுக்கு எண் இருந்ததால் அங்கே என்னால் ஏமாற்ற முடியவில்லை. இதை எழுதும்போதுதான் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. அன்று ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் மிதக்கும் கல்லைக் காட்டக் கூட்டிப்போனேன். தொட்டித் தண்ணீரில் கனமான கல் ஒன்று மிதக்கும், பார்க்க வருகிறவர்கள் தொட்டுக் கும்பிடுவார்கள். சூளைக்காரர் அதை விரலால் சுண்டிப் பார்த்து, "இது நம்ம சூளையில சூடு மிஞ்சிப் பொங்கிப்போன சரக்கு மாதிரி இருக்குது" என்றார். நான் அவர்களுக்கு விளக்கினேன். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் எதுவும் மிதக்கும், கல்லானாலும் பீங்கானானாலும். நன்றாகவே விளக்கினேன். மூவரும் தலையாட்டிக் கேட்டார்கள். வேப்பமரத்தில் தொங்கிய ஜாடியை நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தார் ரோடு முடிகிற இடம்வரை வேனில் போனோம். அதற்கப்பால் மணல். மீன் ஏற்றுகிற ஜீப் ஒன்றில் மாறினோம். அதை ஓட்டியவர் தீவுக்காரர். அதிகம் பேசாத மனிதர். ஜீப் ஒவ்வொரு குழியில் விழுந்து எழும்போதும் சூளைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் மனைவிக்குத் தலை சுற்றியது. புயலில் அழிந்த ஊரின் சுவர்களை, கூரை இல்லாத மாதாகோயிலைக் காட்டினேன். வடக்கே அசையாமல் கிடப்பது பெண்கடல், தெற்கே இரைவது ஆண்கடல் என்று சொன்னேன். அவள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

இடிந்த ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் ஜீப் நின்றது. எதிரே மணலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கடல்தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"தண்ணி ஏறிக் கிடக்கு. வத்துனாத்தான் வண்டி அங்கிட்டுப் போகும்" என்றார் ஜீப்காரர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம் ஆகும். முனைக்கு இன்னும் மூணு மைல் இருக்கு."

நான் இறங்கி, ஜீப்புக்குப் பின்னால் அவரைத் தனியே அழைத்தேன். சூளைக்காரர் மனைவிக்கு வெயில் தாங்காது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. ஜீப்பின் நிழலிலேயே அவரைப் படுக்க வைத்திருக்கலாம். எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. மூன்று நாளாகத் தூக்கியாகிவிட்டது, கெஞ்சியாகிவிட்டது, எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்கு நடுவே நடந்தாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இதுதான் முனைன்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லுறதச் சொல்லிக்கிடுங்க. அந்தப் பொண்ணு கேட்டா எனக்குப் பொய் வராது. கேக்காட்டி சும்மா இருப்பேன்."

அவள் அவரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"இதான் முனையா சார்?"

"இதுதாம்மா."

"ரெண்டு கடலும் எங்க சேருது?"

டிரைவரும் நானும் அவளைப் பலகையில் தூக்கிப்போய்த் தண்ணீரோரம் இறக்கியிருந்தோம். உட்கார்ந்தால் அவளுடைய கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். முன்னால் சின்ன மணல்மேடு இருந்தாலே அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். காற்றில் சிற்றலைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து உரசுகிற ஓரிடத்தைக் கை காட்டினேன். "அதோ பாரு."

பார்த்தாள். பிறகு கைச்செருப்புகளைக் கழற்றி வைத்தாள். முந்தானையால் ஜாடியைத் தன் இடுப்பின் இடது பக்கத்தில் இறுக்கிக் கட்டினாள். அதற்காகவே பழைய நூல்சேலை கட்டி வந்திருந்தாள். யாரையும் கூப்பிடாமல், கைகளை ஊன்றி உந்தி உந்தித் தண்ணீருக்குள் இறங்கினாள். மார்பளவு தண்ணீர் வந்ததும் நின்று, முடிச்சை அவிழ்த்தாள்.

"தொறந்து வுடணுமா சார், அப்புடியே வுடணுமா?"

முனையில் என்றால் புரோகிதர் யாராவது இருந்திருப்பார். சொல்லியிருப்பார். நான், "அப்படியே விடும்மா" என்றேன்.

விட்டாள். ஜாடி மிதந்தது. நீலப் பூக்கள் மேலே தெரிய, காற்று தள்ளிய பக்கம் மெல்லப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறுகிறது, வாம்மா என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அவளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு, செருப்பை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன்.

ஜாடி கரையிலிருந்து பத்தடியில் நின்றது. காற்று மாறியிருந்தது. இறங்கி எடுத்துத் தூரத் தள்ளினேன். திரும்பி வந்தது. இன்னும் உள்ளே போய்த் தள்ளினேன். அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை, அதனால் ஜாடிக்கும் இல்லை. அப்போதாவது மூடியைத் திறந்து உள்ளிருந்ததைக் கரைத்திருக்கலாம். ஜீப்புக்கு ஓடிப்போய் உண்மையைச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, முனைக்கே போயிருக்கலாம். ஜீப்காரர் ஹாரன் அடித்தார். நான் குனிந்து, ஈர மணலைக் கைகளால் தோண்டி, ஜாடியை அதில் வைத்து மூடினேன். மேலே மணலைக் குவித்தேன்.

"போயிடுச்சா சார்?" ஜீப்பில் ஏறியதும் கேட்டாள்.

"போயிடுச்சும்மா."

"கண்ணுக்குத் தெரியிற தூரத்துலயா?"

"தெரியாத தூரத்துக்குப் போயிடுச்சு."

அன்றும் அதற்குப் பிறகுதான் அவள் தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். சூளைக்காரர் என்னைப் பார்த்து, "முழங்கை வரைக்கும் மண்ணா இருக்குதே சார்" என்றார். விழுந்துவிட்டேன் என்றேன். அவர் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் அவள் எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு கடலும் சேருகிற இடத்தில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன், அலை ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்து மோதுகிறது, நீங்கள் பார்க்க வேண்டும் என்று. கருமாதியைத் தாங்களே முடித்துவிட்டுப் போன உறவுக்காரர்களுக்கும் செய்தி போனது. அவர்களில் ஒருவர் வந்து அவளிடம் மரியாதையாகப் பேசினாராம். அதை அவள் என்னிடம் சொன்னபோது கையிலிருந்த டீயை நான் குடிக்கவில்லை.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கவாதம் வந்த அப்பாவோடு ஒருவர், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கால் எடுத்த மனைவியோடு ஒருவர். சார்தான் தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டுவாராமே என்றார்கள். இரண்டு முறை தட்டிக்கழித்தேன். மூன்றாவது முறை தட்ட முடியவில்லை, கூட்டிப்போனேன். அந்தத் தடவையும் அதே மாதிரி தண்ணீர் ஏறிக் கிடந்தது. இறங்கும்வரை காத்திருந்தோம். ஜீப்பின் நிழலில் துண்டு விரித்துப் படுத்தோம், கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம், ஒருவர் தூங்கினார். இரண்டு மணி நேரம் போனது. பிறகு முனைக்குப் போனோம். அங்கே இரண்டு கடலும் நிறம் மாறி ஒன்றன்மேல் ஒன்று புரண்டு விழுந்தன. எதைப் போட்டாலும் இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர். யாரும் கை காட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் நான் புதைத்த இடத்தைத் தேடினேன். மணல் வேறு மாதிரி கிடந்தது.

ஏழெட்டு ஆண்டுகள் போயின. தொண்ணூறுகளின் கடைசி. ஒருநாள் பட்டறைக்குப் போனபோது அவள் பக்கத்தில் ஒரு ஜாடி இருந்தது. அதே அளவு, இன்னும் வேகாதது. நீலப் பூக்கள் பாதி எழுதியிருந்தாள்.

"இது எனக்கு சார்" என்றாள். "இப்பல்லாம் மூச்சு வாங்குது. எப்பன்னு யாருக்குத் தெரியும். மூடி மட்டும் நீங்க தேச்சிக் குடுத்துடுங்க. நான் போனப்புறம் நீங்கதான் கொண்டுபோவணும். அம்மாவ வுட்ட எடத்துலயே வுட்டுடுங்க. வேற யாருக்கும் அந்த எடம் தெரியாது."

நான் அப்போதுதான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். மூன்று மைல், ஜீப்காரரிடம் பேசியது, ஜாடி திரும்பி வந்தது, மணல். சொல்லும்போது அவள் ஒரு பொம்மையை எடுத்துக் கண் எழுதத் தொடங்கியிருந்தாள். நிறுத்தவில்லை. ஒரு கண் முடித்தாள். இன்னொரு கண்ணுக்கு வந்தபோது தூரிகையை இறக்கி வைத்தாள்.

"மூடி தொறந்துக்கிச்சா சார்?"

"இல்லம்மா."

"தானா தொறக்குமா?"

மூடி பொருத்துவதுதான் என் பாடம். அவளுக்கும் தெரியும்.

"அப்ப எங்கம்மா உள்ளதான் இருக்குதா. இத்தினி வருஷமா."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் அழவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, "நேரமாவுது, நீங்க வூட்டுக்குப் போங்க சார்" என்றாள்.

நான்கு நாள் கழித்து வேன் டிரைவர் என் வீட்டுக்கு வந்தார். அன்று எங்களை ஓட்டிப்போன அதே ஆள். தலை நரைத்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

"அக்கா ஒரு காயிதம் வாங்கியாரச் சொன்னாங்க சார். அந்த எடத்த வரஞ்சி குடுக்கணுமாம். எங்க நிறுத்துனோம், முனை எங்க இருக்குதுன்னு."

"எப்போ போறீங்க? நானும் வர்றேன்."

அவர் தரையைப் பார்த்தார். "வேணாம்னுட்டாங்க சார். நானும் எம் மச்சானும் தூக்குவோம். பெரியவரும் வரேன்னிருக்காரு."

"அவராலே அந்த ஜீப்புல உக்காரவே முடியாதே."

"அதத்தான் நானும் சொன்னேன். இடுப்பு போனாப் போவட்டும்னுட்டாரு."

வரைபடத்தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். தீவை வரைந்தேன். பாலம், கோயில், தார் ரோடு முடிகிற இடம், இடிந்த ஊர், தண்ணீர் குறுக்கிட்ட இடம், கடைசியில் முனை. அந்தத் தீவை நான் அவளுக்கு உண்மையாகக் காட்டியது அந்தத் தாளில்தான். முனையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். புதைத்த இடத்தில் இன்னொன்று போட வேண்டும். பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். சரியான இடம் எனக்கே தெரியாது. உத்தேசமாக ஒரு வட்டம் போட்டு, இதற்குள் எங்கேயோ என்று எழுதினேன். தண்ணீர் வற்ற இரண்டு மணி நேரம் ஆகும், காத்திருக்கவும் என்று ஓரத்தில் எழுதியபோது கை நின்றுவிட்டது. பிறகு எழுதி முடித்துக் கொடுத்தேன்.

போனார்கள். நான்காம் நாள் திரும்பி வந்தார்கள். ஒரு வாரம் தள்ளி நான் பட்டறைக்குப் போனேன். அவள் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து கண் எழுதிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் வெயிலில் கறுத்து, விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. பாதி எழுதிய ஜாடி அங்கே இல்லை.

"வாங்க சார். டீ சாப்புடுறீங்களா?"

"சாப்பிடறேன்."

டீ வந்தது. குடித்தேன். போய்வந்ததைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. சூளைக்காரர் வெளியே நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவரிடம் போய்க் கேட்டேன், கிடைத்ததா என்று.

"அத அதுகிட்டயே கேளுங்க சார்."

"நீங்க சொல்லக்கூடாதா?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குது" என்று சொல்லிவிட்டுத் தடியைத் தேடினார்.

அதன் பிறகு அவள் ஐந்தாண்டு இருந்தாள். நான் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அந்தப் பட்டறைக்குப் போனேன். சார் என்றும் வாங்க என்றும் போங்க என்றும் பழையபடியேதான் பேசினாள். ஒருநாளும் குரல் உயரவில்லை. மூடி தேய்த்துத் தரும்படி மறுபடி என்னைக் கேட்கவில்லை. இறந்தபோது டிரைவரும் அவருடைய மச்சானும்தான் எல்லாம் செய்தார்கள். அவளுடைய சாம்பலை ஒரு சாதாரண மண்கலயத்தில் எடுத்துக்கொண்டு வேனில் கிளம்பினார்கள். நான் வரைந்த வட்டத்துக்குப் போகிறார்களா, முனைக்குப் போகிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர், "போயிட்டு வரோம் சார்" என்றார். கையை எடுத்தேன்.